இஷாப்பூர் துப்பாக்கியும் வசந்தாமணியின் வலது கையும்

என் மனைவி வசந்தாமணிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஃப்ரீமான்ட்டில் எங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால், காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வேண்டும் அல்லவா? அவள் ஒரு கட்டு வெந்தயக்கீரையோடுதான் வந்து உட்காருவாள். போனில் பேசினால் ஒரு கை ரிசீவரைப் பிடித்திருக்கும், இன்னொரு கை அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருக்கும். டிவி பார்க்கும்போது சாக்ஸ்களுக்கு ஜோடி தேடுவாள். "கொஞ்ச நேரம் கையைக் கட்டிட்டு உக்காரு அம்மிணி" என்று கல்யாணம் ஆனதிலிருந்து கெஞ்சிப் பார்க்கிறேன். "கையைக் கட்டறதுக்கா சாமி கை குடுத்துச்சு? போங்க அக்கட்ட" என்பாள்.

கோபிசெட்டிபாளையத்தில் வெல்ல மண்டி வைத்திருந்தவரின் மகள் அவள். கோயமுத்தூரில் பிசிக்ஸ் படித்தாள். படித்தாள் என்பதைவிட என்.சி.சி.யில் இருந்தாள் என்று சொல்வதுதான் பொருத்தம். பி சர்டிபிகேட் வாங்கியதையும், ரைபிளில் ஐந்து குண்டையும் ஒரு இஞ்சுக்குள் போட்டதையும் பெண் பார்க்கப் போனபோதே எங்கள் அம்மாவிடம் சொன்னவள். எங்கள் அம்மா திரும்பி வரும்போது பஸ்ஸில் வாயே திறக்கவில்லை. எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

அமெரிக்கா வந்தபின் சான் ஹோசேயில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். ஹார்டு டிஸ்க்குக்குள் போகிற பொடிப்பொடிச் சாமான்களை இடுக்கியால் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து, அளவு சரியா தப்பா என்று பார்க்கிற வேலை. கடுகைப் பார்த்தால் பூசணிக்காய் என்று தோன்றும், அவ்வளவு சின்னச் சாமான். முதலில் லைனில் உட்கார்ந்தாள். பிறகு இன்ஸ்பெக்டர் ஆனாள். பிறகு இன்ஸ்பெக்டர்களுக்கு மேலே ஒருத்தியானாள். 'சுமார்' என்ற வார்த்தையைக் கேட்டாலே அவளுக்கு மூக்கு சிவந்துவிடும். உப்பு சுமாராக இருக்கிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

1998 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லிவர்மோர் கோயிலில் கச்சேரி. கோயில் மண்டபத்தில் கீரையும் கிடையாது, சாக்ஸும் கிடையாது. அதனால் அவள் கை மடியில் சும்மா கிடந்தது. தற்செயலாகப் பார்த்தேன். வலது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலை மெல்ல உரசிக்கொண்டே இருந்தது. தாளம் போடுகிறாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. வசந்தாமணிக்குத் தாளம் தெரியாது. கச்சேரிக்கு அவள் வருவதே அங்கே கிடைக்கும் புளியோதரைக்காகத்தான்.

"என்ன எண்ணிட்டிருக்கற?" என்றேன் காதோடு. குனிந்து தன் கையைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்து அதன்மேல் போட்டுக்கொண்டாள்.

அவள் அப்பா துண்டை அப்படித்தான் கையின்மேல் போட்டுக்கொள்வார். எங்கள் கல்யாணத்தில் தாரை வார்க்கும்போது அவர் கையிலிருந்த செம்பு ஆடி என் வேட்டியெல்லாம் தண்ணீர். மாப்பிள்ளைக்கு இப்பவே அபிஷேகம் நடக்குது என்று எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. நடுக்குவாதம் என்று பெயர் தெரிந்து மருந்து தொடங்குவதற்குள் சட்டைப் பொத்தானைக்கூட அடுத்தவர்தான் போட்டுவிட வேண்டும் என்றாகிவிட்டது. வசந்தாமணிக்கு அந்த வருடம் நாற்பத்து நாலு.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக டாக்டர் பேச்சை எடுத்தேன். "வேல செய்யறப்ப ஒண்ணுமே ஆகறதில்லீங்களே" என்றாள். "மைக்ரோஸ்கோப்புல உக்காந்தா என்ற கை கல்லாட்ட நிக்குது. ஆடற கைல அந்தச் சாமானப் புடிக்க முடியுமுங்களா?" எனக்கு நிம்மதி வரவில்லை. ஆபீஸில் அப்போது எல்லோரும் இரண்டாயிரமாவது வருடத்துக்குப் பயந்து பழைய ப்ரோக்ராம்களைப் புரட்டிக்கொண்டிருந்தோம். ஸ்கிரீனைப் பார்த்தால் எனக்கு அவள் கட்டைவிரல்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்தால் அவளையே பார்த்துக்கொண்டு பின்னாலேயே சுற்றினேன். "என்னங்க, போலீஸாட்ட பாக்கறீங்க?" என்று எரிந்து விழுந்தாள். நானும் திருப்பிக் கத்தினேன். எங்கள் மகள் கயல் தன் ரூம் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் துப்பாக்கி வந்து சேர்ந்தது. கயலுக்கு சாக்கர் ஷூ வாங்க ஒரு ஸ்போர்ட்ஸ் கடைக்குப் போனோம். ஷூ வாங்குகிற இடத்தில் வசந்தாமணியைக் காணவில்லை. தேடிப் போனால், கடைக்கோடியில் பழைய ராணுவத் துப்பாக்கிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்த கவுண்டரில் நின்றிருந்தாள். எந்தெந்த யுத்தத்திலோ அடிபட்டு, எந்தெந்தக் கிடங்கிலோ தூங்கி, கடைசியில் அமெரிக்காவில் சாக்கர் ஷூவுக்குப் பக்கத்தில் விற்பனைக்கு வந்த சாமான்கள். அதில் ஒன்றின் கழுத்திலிருந்த இரும்புப் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். இஷாப்பூர் என்று செதுக்கி, கீழே 1943 என்று போட்டிருந்தது.

"ஏனுங்க, இது நம்மூரு ரைபிளுங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வங்காளத்தில் செய்த துப்பாக்கி கோபிக்காரிக்கு எப்படி நம்மூர் ஆகும் என்று கேட்க நினைத்தேன். இங்கே வந்தபின் பாகிஸ்தான்காரர் கடைப் பாசுமதியே நம்மூர் அரிசி ஆகிவிடுகிறது. கேட்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் பேரம் பேசினாள். "நீங்க டாக்டர் டாக்டர்னு உசுர வாங்கறீங்க. அவரு என்ன பண்ணுவாரு? கைய நீட்டு, மூக்கத் தொடும்பாரு. அதவிட நல்ல டெஸ்ட்டு எங்கிட்ட இருக்குதுங்க. காலேஜுல அஞ்சு குண்டையும் ஒரு இஞ்சுக்குள்ள போட்டவ நானு. இப்பவும் போட்டன்னா கை நல்லா இருக்குதுன்னு அர்த்தம். உடுங்க. போட முடியலீன்னா நீங்க சொல்ற டாக்டருகிட்ட வாய மூடிட்டு வர்றேன்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று நரம்பு டாக்டரிடம் நவம்பரில் அப்பாயின்மென்ட் மட்டும் வாங்கி வைத்தேன். அதற்கு முன்னால் எந்தத் தேதியும் கிடைக்கவில்லை. துப்பாக்கிக் கடையில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதிக் கொடுத்து, அவர்கள் சரிபார்த்து, இஷாப்பூர்க்காரன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கயல் ஒருமுறை பார்த்துவிட்டு, "மாம், அதர் மாம்ஸ் டூ யோகா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சான் ஹோசேக்குத் தெற்கே மலைக்குள் ஒரு ரேஞ்ச். நூறு கஜத்துக்கு அப்பால் காகிதத்தை ஒட்டிவிட்டு வந்து, காதை மூடிக்கொண்டு, மேஜையில் மணல் மூட்டைமேல் துப்பாக்கியை வைத்துச் சுட வேண்டும். நடுவில் மணி அடிப்பார்கள். எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தங்கள் காகிதத்தைப் பார்க்க நடப்போம். முதல் நாள் வசந்தாமணி காகிதத்தை நோக்கி ஓடாத குறையாக நடந்தாள். அருகில் போனதும் நின்றுவிட்டாள். ஐந்து ஓட்டைகள், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறிக் கிடந்தன. சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். ஏழரை இஞ்ச். ஒரு இஞ்ச் எங்கே, ஏழரை எங்கே! ஏழரை என்ற எண்ணைக் கேட்டதுமே எனக்குச் சனிதான் ஞாபகத்துக்கு வந்தது.

"குண்டு சரியில்லீங்க" என்றாள். அது பொய்யில்லை. எந்த நாட்டிலோ மிஞ்சிப்போன ராணுவத் தோட்டா. ஒன்று சத்தம் போட்டால் ஒன்று இருமியது. குழாயை அரித்துவிடும் உப்பு வேறு அதில் இருந்தது. சுட்டுவிட்டு வந்த கையோடு வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரசம் கொதிக்க வேண்டிய அடுப்பில் துப்பாக்கிக்கு வெந்நீர் கொதித்தது. நல்ல தோட்டா வாங்கினோம். ஆறு இஞ்ச் ஆனது.

"கட்டை சுருங்கிப் போச்சுங்க." கட்டையைக் கழற்றி, ஸ்குரூக்களை முறுக்கி, இரும்பும் மரமும் உரசுகிற இடத்தில் கார்க் துண்டு வைத்தாள். ஐந்து இஞ்ச்.

"கண்ணுங்க. குறி பாக்கறப்ப முன்னாடி இருக்கற குமிழ் தெரிஞ்சா பின்னாடி இருக்கற பள்ளம் தெரிய மாட்டேங்குது." புதுக் கண்ணாடி போட்டாள். நாலரை.

இப்படியே கோடை போய்விட்டது. ஒவ்வொரு வாரமும் ஒரு குற்றவாளியைப் பிடித்துத் தண்டித்தாள். ஒவ்வொருவனும் போகப் போக, மிச்சம் இருந்தவன் யார் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்துகொண்டு வந்தது. நாலு இஞ்சில் வந்து அது நின்றுவிட்டது. என்ன செய்தும் அதற்குக் கீழே இறங்கவில்லை. ஆயுத பூஜை அன்று என் கம்ப்யூட்டருக்கும் காருக்கும் வைத்ததுபோல இஷாப்பூர்க்காரனுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். அடுத்த வாரமும் நாலுதான். அன்று திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு துணியை வைத்துக்கொண்டு தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். எனக்கு அழுகை வந்தது. ஃப்ரீவேயில் அழுதுகொண்டு ஓட்ட முடியாது என்பதால் முன்னால் போன லாரிக்காரனைத் திட்டினேன்.

அதற்கு அடுத்த முறை ரேஞ்சுக்குப் போனபோது, பக்கத்து மேஜையிலிருந்து, "அண்ணாச்சி தமிழா?" என்று ஒரு குரல். நான் காதை மூடியிருந்த மூடியைத் தூக்கினேன். பால்துரை என்று பெயர் சொன்னார். நாகர்கோவில்காரர். லிவர்மோரில் வீடு. பல் டாக்டர். பால்துரையா பல்துரையா என்று கேட்டேன். நூறு பேர் அதற்கு முன்பே கேட்டிருப்பார்கள் போல, மரியாதைக்குச் சிரித்தார். மான் வேட்டைக்குப் போகிற மனிதர், தன் துப்பாக்கியைச் சரிபார்க்க வந்திருந்தார்.

வசந்தாமணி காகிதத்தைப் பார்த்துவிட்டு வந்து ஸ்கேலைப் பையில் போட்டதை அவர் பார்த்திருக்கிறார். "என்னக்கா, செத்த வீட்டுல இருந்து வந்த மாதிரி இருக்கிய? எம்புட்டு?" என்றார்.

"நாலுங்க" என்றாள், பெயிலான மார்க்கைச் சொல்வதுபோல.

"இதுலயா? நாலா?" பால்துரை இஷாப்பூர்க்காரனைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நல்லாத்தானக்கா சுட்டிருக்கிய!"

"நான் ஒரு இஞ்சுல போட்டவளுங்க. காலேஜுல."

பால்துரை சிரித்துவிட்டார். "கோவிச்சுக்கிடாதியக்கா. இது சண்டைக்குன்னு அவசர அவசரமாச் செஞ்ச சாமான். தூரத்துல நிக்க ஆளு மேல பட்டாப் போதும், சேறு மண்ணு போனாலும் மக்கர் பண்ணக் கூடாது, அம்புட்டுதான் அவன் கணக்கு. அதுக்கு மேல அம்பத்தஞ்சு வருசம். குழாயி தேஞ்சிருக்கும், கட்டை வளைஞ்சிருக்கும். நூறு கெஜத்துல மூணு, நாலு வந்தாலே கும்புட்டுட்டு வீட்டுக்குப் போவணும். அஞ்சு வந்தாக்கூட இதுக்குக் கொறை சொல்ல மாட்டாவ. இதுல போயி ஒரு இஞ்சு கேட்டா, பெருக்குமாற வச்சுக் கையெழுத்துப் போடச் சொன்ன மாதிரி இருக்கு."

சொன்னதோடு நிற்காமல் தானே உட்கார்ந்து ஐந்து சுட்டார். போய்ப் பார்த்தோம். நாலே கால் இஞ்ச். ஒவ்வொரு டிசம்பரிலும் மான் அடித்து நண்பர்களுக்குப் பிரியாணி போடுகிற மனிதருக்கு நாலே கால்! வசந்தாமணி ஸ்கேலை இரண்டு முறை வைத்துப் பார்த்தாள்.

"ஆமா, அந்த ஒரு இஞ்சு எம்புட்டுத் தூரத்துல போட்டிய?" என்று பால்துரை கேட்டார்.

"இருவத்தஞ்சு கெஜமுங்க. சின்ன குண்டு, பாயிண்ட் டூ டூ."

"பொறவென்ன? கால்வாசித் தூரத்துல ஒண்ணுன்னா முழுத் தூரத்துல நாலாக்கும். அன்னைக்கு என்ன போட்டியளோ அதத்தான் இன்னைக்கும் போட்டிருக்கிய."

வசந்தாமணி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிசிக்ஸ் படித்தவள், ஊரார் தப்பான அளவையெல்லாம் பிடிக்கிறவள். இருபத்தைந்து வருடமாக அந்த ஒரு இஞ்சைச் சுமந்துகொண்டிருந்தவள் தூரத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. நம் ஊரில் என்.சி.சி.யில் இருந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஐந்து குண்டும் எத்தனை இஞ்சுக்குள் என்று சொல்வார்கள், எத்தனை கஜத்தில் என்று சொல்ல மாட்டார்கள். மார்க்கைச் சொல்வோம், எத்தனைக்கு எத்தனை என்று மட்டும் நமக்கு நினைவிருக்காது.

அவள் சிரித்தாள். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. பால்துரையை வீட்டுக்கு இழுத்துவந்து கோழிக்குழம்பும் ஆப்பமும் போட்டாள். பால்துரை சாப்பிட்டுவிட்டு அவளைத் தன் சொந்த அக்காவாகவே அறிவித்தார். அன்றைக்கு எனக்கும் ஆப்பம் ருசித்தது.

நாலு நாள் கழித்து ஆபீஸிலிருந்து வந்து ஆன்சரிங் மெஷினைத் தட்டினேன். ஒரு பெண் குரல் இனிமையாக, நீங்கள் கேட்டுக்கொண்டபடி நரம்பு டாக்டரின் அப்பாயின்மென்ட்டை ரத்து செய்துவிட்டோம் என்றது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வசந்தாமணி பாத்ரூமில் தொட்டிக்குள் இஷாப்பூர்க்காரனை நிறுத்தி, குழாய்க்குள் கம்பி விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சுட்டே நாலு நாளாகிவிட்டது. தேய்க்க அதில் ஒன்றுமே இல்லை.

"யாரக் கேட்டு கேன்சல் பண்ணுன?"

"பந்தயத்துல நான் ஜெயிச்சுப்போட்டேனுங்க. கை அன்னைக்கு மாதிரியே இருக்குதுன்னு அவரே சொன்னாருங்களே."

"அவரு சொன்னது துப்பாக்கியப் பத்தி! அம்மிணி, ஒண்ணு கேக்கறேன். உன்ற லைன்ல ஒரு புள்ள மைக்ரான் கணக்குல பாக்க வேண்டிய சாமான மர ஸ்கேல வெச்சு அளந்து, எல்லாஞ் சரியா இருக்குதுன்னு கையெழுத்துப் போட்டா என்ன பண்ணுவ?"

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. என்ன பண்ணுவாள் என்று எனக்குத் தெரியும். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் அவள் நடத்துகிற முதல் பாடமே அதுதான். வீட்டிலும் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அளக்கிற கருவி, அளக்கப்படும் சாமானைவிடப் பத்து மடங்கு நுணுக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீ அளப்பது சாமானை இல்லை, உன் கருவியின் கோளாறை.

"அந்தத் துப்பாக்கியே தனியா நாலு இஞ்ச் தின்னுபோடுதுன்னா, உன்ற கை ஒரு இஞ்ச் ஆடுனாலும் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். கை கெட்டுப் போச்சுன்னும் அது சொல்லல. நல்லா இருக்குதுன்னும் சொல்லல. அது ஒண்ணுமே சொல்லல வசந்தி. ஒண்ணுமே சொல்லாத ஒரு இரும்பக் கேட்டுட்டு டாக்டர வேண்டாம்ங்கற!"

கத்திவிட்டேன். கத்தியபின் கால் நிற்கவில்லை. ஹாலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். கம்பி குழாய்க்குள் போய்வருகிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் ஈரக் கையோடு வந்து போனை எடுத்தாள். பால்துரையைக் கூப்பிட்டாள். "தம்பி, உங்க வேட்டத் துப்பாக்கி எத்தன இஞ்ச்சு போடுமுங்க?" என்று கேட்டாள். மறுமுனையில் ஏதோ சொன்னார். "முக்கால் இஞ்ச்சா? அப்ப அதுதானுங்க எனக்கு வேணும்" என்றாள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பனி மூட்டம் விலகிய பிறகு ரேஞ்சில் கூடினோம். பால்துரைக்கு முழு விஷயமும் தெரியாது. அக்காவுக்கு ஆசை என்று நினைத்துக்கொண்டு, பச்சைக் குழந்தையைக் கொடுப்பதுபோல் தன் துப்பாக்கியைக் கொடுத்தார். மேலே தொலைநோக்கி பொருத்தியது. தோட்டாகூட அவரே மருந்து அளந்து பார்த்துப் பார்த்துச் செய்தது. இதில் குண்டைச் சொல்ல முடியாது, கட்டையைச் சொல்ல முடியாது, கண்ணைச் சொல்ல முடியாது. வசந்தாமணி உட்கார்ந்தாள். நான் பக்கவாட்டில் நின்று காகிதத்தைப் பார்க்காமல் அவள் வலது கையையே பார்த்தேன்.

கை ஆடவில்லை. துளியும் ஆடவில்லை. ஐந்து முறை வெடித்தது. ஐந்து முறையும் அந்த விரல் மெத்தென்று மடங்கி நீண்டது. நான் அங்கேயே, வெள்ளைக்காரர்களுக்கு நடுவில், முருகா என்று சத்தமாகச் சொன்னேன்.

மணி அடித்ததும் மூன்று பேரும் நடந்தோம். ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. பால்துரை பையிலிருந்து ஒரு குவார்ட்டர் காசை எடுத்து வைத்தார். நாலு ஓட்டை மறைந்துவிட்டது. ஐந்தாவது மட்டும் விளிம்பில் எட்டிப் பார்த்தது. "நூறு கெஜத்துல ஒரு இஞ்சு! இனிமே அக்காகூட சண்டை போட்டுட்டு ஒரே வீட்டுல படுக்கக் கூடாது அண்ணாச்சி" என்றார். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. ரேஞ்ச் என்று பார்க்காமல் தோளைப் பிடித்து அழுத்தினேன். அவள் காகிதத்தை மடிக்காமல் கழற்றி எடுத்துக்கொண்டாள்.

நூற்றியொன்று ஃப்ரீவேயில் ஏறினோம். எனக்குப் பேச்சு நிற்கவில்லை. காகிதத்தை பிரேம் போடலாம் என்றேன். கயலுக்குக் காட்டலாம், ஊரில் உன் தம்பிக்குப் போன் போடலாம், டிசம்பரில் எங்காவது போகலாம், என் ஆபீஸ்காரன் லீவு தராவிட்டால் ரெண்டாயிரத்தில் கம்ப்யூட்டரெல்லாம் வெடித்துச் சாகட்டும் என்றேன். ஆறு மாதமாக அடக்கி வைத்த வாய் அல்லவா? அவள் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். களைத்திருந்தாள். அவள் கையில் துணி இல்லை, கீரை இல்லை, ஒன்றும் இல்லை. காகிதம் மடியில் விரிந்திருந்தது. அதன்மேல் வலது கை.

காகிதம் சரசரவென்று அடித்துக்கொண்டே இருந்தது. குளிர்காற்று அவளுக்கு ஆகாதே என்று, ரோட்டைப் பார்த்தபடியே அவள் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றும் பட்டனை அழுத்தினேன். சத்தம் நிற்கவில்லை. மறுபடி அழுத்தினேன்.

"ஜன்னல் மூடித்தானுங்க இருக்குது" என்றாள் வசந்தாமணி.

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். வலது பக்கம் ஒதுங்கி மெதுவாகப் போனேன்.

"ஏதாச்சும் புடிச்சா நின்னுக்குதுங்க" என்றாள். "இடுக்கி புடிச்சா நின்னுக்குது. கத்தி புடிச்சா நின்னுக்குது. துப்பாக்கி புடிச்சாலும் நின்னுக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியுமுங்க. அதனாலதான் அந்தப் பந்தயத்தக் கட்டுனேன். சும்மா இருந்தாத்தான் வருது. எங்கப்பனுக்கும் மொதல்ல இப்படித்தான். மூட்டை தூக்கறப்ப ஒண்ணுமில்ல, கல்லாவுல உக்காந்தா ஆடும்."

கீரையும் சாக்ஸும் துடைத்த கண்ணாடியும், தேய்க்க ஒன்றுமில்லாத குழாயும் எனக்கு அப்போதுதான் விளங்கின. சும்மா இருக்கத் தெரியாதவள் என்று நான் கேலி செய்துகொண்டிருந்தேன். பழைய பழக்கம்தான், ஆனால் இந்த ஆறு மாதமாக அவளால் சும்மா இருக்கவே முடியவில்லை. "அப்பறம் எதுக்குடி இத்தன குண்டு?" என்றேன்.

"நிக்கறதப் பாக்கறதுக்குத்தானுங்க. அந்தக் கொஞ்ச நேரமாச்சும் நல்லா இருக்குதல்லோ."

பிறகு அவள் காகிதத்தைப் பின் சீட்டில் போட்டுவிட்டு, அந்தக் கையை எடுத்து என் தொடைமேல் வைத்தாள். தலைப்பால் மூடவில்லை. அது பாட்டுக்கு என் பேண்டின்மேல் ஆடிக்கொண்டிருந்தது.

"திங்கக்கெழம மறுபடியும் அப்பாயின்மென்ட் வாங்குங்க. நீங்களும் உள்ள வரோணும். டாக்டரு கேட்டா நீங்கதான் சொல்லோணும்" என்றாள். "நான் ஏதாச்சும் பொய் சொல்லிப்போடுவேன்."